நிலைத்தன்மைப் பகுதி: கணக்கை நம்புவதா, சிமுலேஷனை நம்புவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேரியலற்ற அமைப்பு ஒன்றுக்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு வடிவமைத்திருக்கிறேன். லியாபுனோவ் முறையில் (ஆற்றல் போன்ற ஒரு சார்பு, அதாவது லியாபுனோவ் சார்பு, காலப்போக்கில் குறைகிறதா என்று பார்க்கும் முறை) கணக்கிட்டால் நிலைத்தன்மைப் பகுதி, அதாவது எங்கே தொடங்கினால் அமைப்பு சமநிலைக்குத் திரும்புமோ அந்தப் பரப்பு, மிகச் சிறியதாக வருகிறது. சிமுலேஷனிலோ, வெகு தொலைவில் தொடங்கினாலும் அமைப்பு சமநிலைக்குத் திரும்பிவிடுகிறது. லியாபுனோவ் சார்பின் வகைக்கெழு (காலத்தோடு மாறும் வேகம்) எதிர்மறையாக உள்ள பரப்பு முழுவதையும் நிலைத்தன்மைப் பகுதி என்று எழுதிவிடலாமா?

ஒரு முதுகலை மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதக் கூடாது. இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

வகைக்கெழு எதிர்மறை என்றால், அந்தப் பரப்புக்குள் இருக்கும்வரை சார்பின் மதிப்பு குறைகிறது, அவ்வளவுதான். அமைப்பு நகரும் பாதை அங்கேயே தங்கும் என்று அது சொல்லவில்லை. காலத்தைப் பின்னோக்கி ஓட்டிய வான் டெர் போல் சமன்பாட்டை (தானே ஊசலாடும் அமைப்பின் பிரபலமான மாதிரி) எடுத்துக்கொள்ளுங்கள், அளவுரு 1. இரண்டு நிலைமாறிகளின் (அமைப்பின் நிலையைச் சொல்லும் மாறிகள்) வர்க்கங்களைக் கூட்டி லியாபுனோவ் சார்பாக வைத்தால், முதல் மாறி -1க்கும் 1க்கும் இடையில் இருக்கும் பட்டை முழுவதும் வகைக்கெழு நேர்மறையாவதில்லை. அந்தப் பட்டைக்கு மேலும் கீழும் முடிவே கிடையாது. முதல் மாறி 0, இரண்டாவது 10 என்ற புள்ளியும் அதற்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து விட்டுப் பாருங்கள்: மதிப்பு முதலில் குறையும், பாதை பட்டையைத் தாண்டும், அப்புறம் முடிவிலிக்கு ஓடிவிடும்.

அதனால்தான் சார்பின் மதிப்பு ஓர் அளவுக்குள் அடங்கும் மூடிய, எல்லையுள்ள பரப்பை எடுக்கிறோம். அது முழுவதும் அந்தப் பட்டைக்குள் இருக்க வேண்டும். வெளியேற வேண்டுமானால் மதிப்பு கூட வேண்டும், அது நடக்காது. மேலே சொன்ன சார்பில் கிடைப்பது ஆரம் 1 கொண்ட வட்டத்தின் உட்புறம் (வகைக்கெழு சில இடங்களில் பூஜ்யமாவதால், பாதை அங்கே நின்றுவிடாமல் சமநிலைக்கே வரும் என்று காட்ட லசால் கோட்பாடும் தேவை). உண்மையான எல்லையோ லிமிட் சைக்கிள், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றிவரும் மூடிய பாதை. முதல் மாறியின் திசையில் அது ஏறக்குறைய 2 வரை போகிறது.

ஆகவே பகுதி சிறியதாக வந்ததற்கு உங்கள் கட்டுப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் காரணம் நீங்கள் தேர்ந்த சார்பு. சமநிலைக்கு அருகில் நேரியலாக்கிய அமைப்புக்கு லியாபுனோவ் சமன்பாட்டைத் தீர்த்து, குறுக்கு உறுப்புள்ள (இரு மாறிகளின் பெருக்கலும் சேர்ந்த) இருபடிச் சார்பை எடுங்கள். மேலே சொன்ன வான் டெர் போல் அமைப்பிலேயே இதனால் பகுதி நன்றாகப் பெரிதாகிறது. இன்னும் வேண்டுமென்றால் உயர்படிப் பல்லுறுப்புச் சார்புகளை வர்க்கங்களின் கூட்டல் முறையில் (ஒரு கோவையை வர்க்கங்களின் கூட்டலாக எழுதி, அது எதிர்மறையாகாது என்று காட்டும் முறை) கணினியைக் கொண்டே தேடலாம். சரியான எல்லையையே தரும் சுபோவ் முறையும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், அது அபூர்வமாகத்தான் முடியும்.

சிமுலேஷன் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு நிலைமாறிகள், ஒவ்வொன்றிலும் 10 புள்ளிகள் என்றாலே 10 லட்சம் தொடக்கங்கள். அத்தனையும் திரும்பி வந்தாலும், இடையிலுள்ள புள்ளிகளுக்கு உத்தரவாதம் இல்லை. திரும்பி வராத ஒரே ஒரு தொடக்கம் கிடைத்தால் மட்டும் தீர்ப்பு உறுதி.

ஒன்றை மட்டும் எந்தச் சார்பாலும் மாற்ற முடியாது: இயக்கியின் (கட்டுப்பாட்டு உள்ளீட்டைச் செயல்படுத்தும் மோட்டார், வால்வு போன்ற கருவி) வரம்பு. ஒரு மாறியின் மாறும் வேகம், அதன் மதிப்பும் கட்டுப்பாட்டு உள்ளீடும் சேர்ந்தது என்போம். உள்ளீடு -1க்கும் 1க்கும் இடையில்தான் இருக்க முடியும். கெயினை (பின்னூட்டத்தின் பெருக்கத்தை) எவ்வளவு ஏற்றினாலும் மாறி 1ஐத் தொட்டுவிட்டால் அதை மீட்க வழியில்லை. உங்கள் மாதிரியில் இந்த வரம்பைச் சேர்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. சேர்க்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், சிமுலேஷனும் வேறு கதை சொல்லக்கூடும்.

ஆய்வேட்டில் நிரூபித்த பகுதியையும், சிமுலேஷனில் திரும்பி வராத தொடக்கங்களில் அதற்கு மிக அருகில் உள்ளதையும் ஒரே படத்தில் வரையுங்கள். உங்கள் மதிப்பீட்டை இன்னும் எவ்வளவு தூரம் விரிக்க இடமிருக்கிறது என்பது அதில் தெரியும்.