ஸ்காலர்ஷிப் ‘அப்ரூவ்டு’ என்று காட்டுகிறது, பணம் மட்டும் வரவில்லையே?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகனின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை ஏற்கப்பட்டும் பாஸ்புக்கில் ஏறவில்லை, கல்விக் கடன் கிடைக்குமா?

முதலில் ஆதார் சீடிங்கை, அதாவது அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைத்திருப்பதைப் பாருங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) மட்டுமே. உதவித்தொகை, என்பிசிஐ (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) பதிவில் கடைசியாக இணைந்த கணக்குக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாது. தெருமுனைக் கடையில் சிம் வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்த பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கில் பணம் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. மைஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பகுதியில் வங்கியின் பெயர் தெரியும். வேறு வங்கி வந்தால், உங்கள் கிளையில் டிபிடி (நேரடிப் பணப் பரிமாற்றம்) ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். சில நாளில் மாறிவிடும். கணக்கு மகன் பெயரில் இருக்க வேண்டும், அப்பா கணக்கு உதவாது. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் வேறாக இருந்தாலும் சிக்கல்தான். எஸ்சி மாணவருக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம், வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கடனுக்கு, கல்விக் கடன் விண்ணப்பங்களுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை; 4 லட்சம் வரை கைப்பணமும் போட வேண்டாம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். வீட்டுப் பத்திரம் இல்லாமல் கடன் கிடையாது என்று மேனேஜர் சொன்னால், மறுப்புக்கான காரணத்தைத் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். தொழிற்கல்வி என்றால், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியத்தையும் கடன் தரும் கிளையிலேயே கேளுங்கள்.