பத்து நாளில் மேக்கப் கலைஞர் ஆக முடியுமா?

கேள்வி: மதுரையில் ஒரு பயிற்சி நிலையம் பத்து நாள் பிரைடல் மேக்கப் வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. சர்வதேசச் சான்றிதழ் உண்டு, மேக்கப் கிட் இலவசம், இன்றே கட்டினால் 10,000 ரூபாய் தள்ளுபடி என்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். இன்று மட்டும் என்று சொல்லப்படும் தள்ளுபடி பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும்.

அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: "பத்து நாளில் என் கையால் எத்தனை முகங்களுக்கு மேக்கப் போடுவேன்?" பல இடங்களில் பயிற்சியாளர் ஒரு மாடலை உட்காரவைத்துப் போட்டுக்காட்ட, மற்றவர்கள் சுற்றி நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொள்வார்கள். அதை யூடியூபிலேயே காசில்லாமல் பார்க்கலாம். நீங்கள் பணம் கொடுப்பது, நீங்கள் போடும்போது பக்கத்தில் நின்று திருத்துபவருக்கு.

அந்த மாடல்களின் நிறத்தையும் கவனியுங்கள். சிவந்த முகத்தில் மட்டுமே பழகியவர் மாநிற மணப்பெண்ணைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடுவார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சான ஃபவுண்டேஷனின் நிறத்தைப் புறங்கையில் பார்க்காமல், தாடையோரத்தில் தடவிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறாரா? கருவளையத்தின்மேல் நேராக வெளிர் கன்சீலரை (கறையை மறைக்கும் கிரீம்) பூசினால் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அடியில் கருமையைச் சமன்செய்யும் ஆரஞ்சு நிறக் கரெக்டர் மெலிதாக வேண்டும். சிலிகா கலந்த வெள்ளைப் பவுடர் அதிகமானால் நேரில் தெரியாது, ஃப்ளாஷ் பட்ட கல்யாணப் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். இதையெல்லாம் சொல்லித்தருகிறவரே அடிப்படை தெரிந்தவர்.

சுத்தம் அதைவிட முக்கியம். ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கிரீமை ஸ்பேட்டுலா என்ற தட்டைக் கரண்டியால் ஸ்டீல் தட்டில் எடுத்துப் பூசுகிறாரா, பிரஷ்ஷை நேராக டப்பாவில் விடுகிறாரா? ஒரே மஸ்காராக் குச்சி எல்லாக் கண்களுக்கும் போகிறதென்றால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சான்றிதழை யார் வழங்குகிறார்கள் என்று கேளுங்கள். 'சர்வதேசம்' என்பது அமைப்பின் பெயரல்ல. அரசு மதிப்புள்ள சான்றிதழ்தான் வேண்டுமென்றால் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி பிரிவு இருக்கிறது. அங்கே தலைமுடி, சருமப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். மணப்பெண் மேக்கப்பைத் தனியே பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் திருமண வீட்டார் கேட்பது சான்றிதழை அல்ல, நீங்கள் போட்ட முகங்களின் படங்களைத்தான்.

இலவசக் கிட்டின் விலை 45,000-க்குள்ளேயே இருக்கிறது. கிட் இல்லாமல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் பொருள்வாரியாகப் பட்டியல் வாங்கி, ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதியைச் சரிபாருங்கள்.

பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள். காரணம் இருக்கிறது. தொழிற்கல்வி உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிலையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. தகராறு என்று வந்தால் "நாங்கள் கல்வி நிறுவனம்" என்று நழுவப் பார்ப்பார்கள். எனவே பாட நேரம், முகங்களின் எண்ணிக்கை, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும், 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டணத்துக்குள் அடக்கமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். கிட் பழுதென்றால் அது கல்வியல்ல, விற்ற பொருள். அதற்குத் தயங்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமில்லை. மதுரைக்கு அலையாமல் உங்கள் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

கேள்வி: வீட்டில் பழகுவதற்கு 24 பிரஷ் கொண்ட செட் வாங்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: வேண்டாம், பாதி பெட்டியிலேயே கிடக்கும். ஒரு ஸ்பாஞ்ச், பவுடருக்குப் பெரிய பிரஷ் ஒன்று, கண்ணிமைக்குத் தட்டையானது ஒன்று, நிறத்தை ஓரம் தெரியாமல் பரப்பிவிடப் புசுபுசுவென்று ஒன்று, புருவத்துக்குச் சாய்வாக வெட்டியது ஒன்று போதும். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். காய்ந்தது ஃபவுண்டேஷனைக் குடித்துவிடும். பிரஷ்களைக் குழந்தை ஷாம்புவில் அலசி, முடிப்பக்கம் கீழே சாய்ந்திருக்கும்படி உலர்த்துங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுப்போய், முடி கொட்டத் தொடங்கும்.