மூன்று பேருக்கும் ஒரே ஸ்லைடா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர மேலாளர் வேலைக்கு இறுதி நேர்காணல். ஆலைத் தலைவர், நிதி அதிகாரி, மனிதவள அதிகாரி என மூவர் முன்னால் பத்து நிமிடம் பிரசன்டேஷன் செய்ய வேண்டும். இருபது ஸ்லைடு தயார். போதுமா சார்?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: போதுமாவா! முதலில் பாதியைத் தூக்குங்கள், தம்பி.

கழிவை 2000 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் உருப்படியில் எத்தனை கழிவு என்ற கணக்கு) 500-க்குக் குறைத்ததாக எழுதியிருப்பீர்கள். ஆலைத் தலைவர் உடனே தலையாட்டுவார். அப்புறம் 'எந்த மெஷின், என்ன காரணம்?' என்பார். நிதி அதிகாரிக்கோ அது வெறும் எண். மாதம் ஒரு லட்சம் உருப்படி, ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 உருப்படி கழிவாகாமல் தப்பிக்கிறது, அதாவது மாதம் 45,000 ரூபாய் மிச்சம். மறுவேலைக் கூலி, திருப்பி அனுப்பும் லாரி வாடகை எல்லாம் தனி. இதை அதே ஸ்லைடில் ரூபாயில் போடுங்கள். அவர் பேனாவை எடுப்பார். மனிதவள அதிகாரிக்கு, முரண்டு பிடித்த ஷிப்ட் சூப்பர்வைசரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சொன்னால் சரி.

ஒரு பக்கச் சுருக்கத்தையும் அச்சிட்டு எடுத்துப் போங்கள். சிலருக்குக் கேட்பதைவிடப் படித்தால்தான் புரியும். அமேசானில் மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் 2004-லேயே பவர்பாயிண்டை நிறுத்தி, குறிப்பைப் படித்துவிட்டுப் பேசும் வழக்கம் வந்துவிட்டது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் ஸ்லைடை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

கடைசி ஸ்லைடில் பெரிய எழுத்தில் 'நன்றி' வேண்டவே வேண்டாம். அந்த இடத்தில் முதல் 90 நாள் திட்டத்தைப் போடுங்கள்.