தேவாலயத்துக்கு ஏது டிக்கெட்?

கேள்வி: இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். கில்பெக் கிராமத்துத் தேவாலயத்தையும் பக்கத்து ஊர்த் தேவாலயங்களையும் பார்க்க ஆசை. ஒரு முகவர் 'எல்லா டிக்கெட்டும் உட்பட' ஆளுக்கு 120 பவுண்டு கேட்கிறார். பழைய கோட்டை, கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பாஸும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கில்பெக்கில் டிக்கெட் என்று ஒன்றே கிடையாது. பக்கத்து ஊர்களான அபி டோரிலும் இல்லை, செயின்ட் மார்கரெட்ஸிலும் இல்லை. வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பணம் கேட்டால் அது நியாயமான கூலி. இல்லாத டிக்கெட்டுக்குக் கேட்பதை என்னவென்று சொல்வது? வெளிநாட்டிலிருந்து வருகிற பெரியவர்கள் விவரம் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

பாஸ் கதையும் அப்படித்தான். இந்த ஊர்த் தேவாலயங்கள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை, அந்தப் பாஸுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இங்கிலிஷ் ஹெரிடேஜ் வேறு, அதே மாதிரிப் பழைய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் வேறு. ஒன்றின் அட்டை மற்றதில் செல்லாது. உங்கள் பக்கத்தில் அந்தப் பாஸ் குட்ரிச் கோட்டைக்கு உதவும். லாங்டவுன் கோட்டையைச் சும்மாவே பார்க்கலாம். ஒரே ஒரு கோட்டைக்கு எதற்குப் பாஸ்?

தேவாலயங்களில் காசு கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு; இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஹெரிஃபோர்டு பேராலயத்துக்குள் போக இலவசம். ஆனால் உள்ளே மாப்பா முண்டி என்ற உலக வரைபடமும், புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்த நூலகமும் சேர்ந்த கண்காட்சிக்குக் கட்டணம் உண்டு. பேராலயத்துக்கு இல்லை, கண்காட்சிக்கு மட்டும். வரைபடத்துக்கும் நூலகத்துக்கும் ஒரே சீட்டு, அங்கேயே வாங்குங்கள். 1300 வாக்கில் ஒரே கன்றுத்தோலில் வரைந்தது அந்த வரைபடம். கிழக்கு மேலே இருக்கும், ஆகவே நம்முடைய இந்தியாவை உச்சியில் தேடுங்கள்.

கிராமத்துத் தேவாலயங்கள் திறந்திருக்குமா என்ற கவலை வரும். பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை அழைத்தால் சில சமயம் யாரும் எடுப்பதில்லை. எண்ணூறு வருடக் கட்டடத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு சீட்டை மாற்ற நேரமில்லை! ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள்.

கில்பெக்கில் வெளியேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். 1140 வாக்கில் கட்டியது, சிவப்பு மணற்கல். தெற்கு வாசல் முழுக்கச் சிற்பம். கூரைக்குக் கீழே சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கல் உருவங்களில் 85 மிச்சம். அதில் நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆடையில்லாத ஒரு பெண் உருவத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் நம் கோபுரத்துச் சிற்பங்களை நினைவுபடுத்துங்கள். தேவாலயத்துக்குப் பின்னாலேயே பழைய கோட்டையின் மேடு.

அபி டோர் 1147-இல் தொடங்கிய சிஸ்டர்சியன் மடம். இடிந்து கிடந்ததை 1630-களில் ஸ்கூடமோர் பிரபு சீர்செய்தார். கிழக்குப் பகுதி மட்டும்தான் இப்போது நிற்கிறது. செயின்ட் மார்கரெட்ஸ் சின்னதுதான், பலிபீடப் பகுதியைப் பிரிக்கும் மரத்தட்டியின் செதுக்கலுக்காகவே போகலாம்.

பேருந்தை நம்ப வேண்டாம். மகளுக்குக் கார் ஓட்ட நேரமில்லை என்றால் டாக்சி எடுங்கள், ஆனால் திரும்பும் வண்டியையும் புறப்படும்போதே சொல்லிவையுங்கள். அந்தப் பக்கம் பல இடங்களில் செல்போன் எடுக்காது.