பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றலாமா?

தாராளமாக ஏற்றலாம். "ஒரிஜினாலிட்டி போச்சே" என்று வருத்தப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் ஜீப் தேனிப் பக்கத்து மலை போடி மெட்டு ஏறி ஏலக்காய் மூட்டை இறக்க வாங்கியது, கண்காட்சியில் நிறுத்த இல்லை.

உங்களிடம் இருப்பது பழைய மகிந்திரா ஜீப் மாடலான 3பியாகத்தான் இருக்கும். பட்டறைக்காரர் ஏதோ ஒரு டீசல் இன்ஜினைக் காட்டி "இதை உக்கார வெச்சிரலாம்ணே" என்றிருப்பார். உட்கார வைப்பது பெரிய விஷயமே இல்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து, மவுண்டிங்கை மாற்றி வெல்டு வைத்தால் முடிந்தது. வண்டி ரோட்டுக்கு வந்தபிறகுதான் கதையே.

3பியின் கிரவுன் பினியன் (ஆக்சிலில் வீலைச் சுற்றவைக்கிற பல்சக்கர ஜோடி) 43க்கு 8 பல், அதாவது வீல் ஒரு சுற்று சுற்ற டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்று சுற்றணும். நிமிஷத்துக்கு 4,000 சுற்று போகும் பெட்ரோல் இன்ஜினுக்குப் போட்ட கணக்கு அது. எங்கள் தெருவில் ஒருவர் டிராக்டர் இன்ஜினையே கழற்றி ஏற்றினார். 2,000 சுற்றிலேயே அதன் மூச்சு முடிந்துவிடும். 16 இஞ்ச் வீலுக்குக் கணக்குப் போட்டால் டாப் கியரில் 50 கிலோமீட்டர், அதற்கு மேல் சத்தம்தான் ஏறும். மெட்டு ஏறுவதில் குறையே சொல்ல முடியாது. தேனி ரோட்டில் டவுன் பஸ்காரன் பின்னாலேயே ஹாரன் அடிப்பான். பல்லை மாற்றலாமே என்பீர்கள். மாற்றலாம், ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி உடையும்.

அதனால்தான் அப்பா பீஜோ இன்ஜின் கிடைக்கும்வரை பொறுத்திருந்தார். பிரெஞ்சுக் கம்பெனி பீஜோவிடம் லைசென்ஸ் வாங்கி மகிந்திராவே செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், நாலு சிலிண்டர், 90 மி.மீ. சிலிண்டர் விட்டம், 2,112 சிசி. சுற்று நன்றாக ஏறுவதால் பழைய பல்லே போதுமானதாக இருந்தது. மிஞ்சின டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன், இன்ஜினை நிறுத்த ஒரு கேபிள், ஸ்டார்ட் பண்ணுமுன் இன்ஜினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குக்குத் தாங்குகிற பேட்டரி, இவ்வளவுதான் மேல்வேலை. (ராணுவ வில்லிஸ் என்றால் 6 வோல்ட்டை 12 ஆக்கணும்.) நான் மெக்கானிக் இல்லை, பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தவன். இதைவிட நல்ல இன்ஜின் இருக்கிறது என்று சண்டைக்கு வராதீர்கள், இருக்கலாம்.

பேப்பர் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. ஆர்டிஓ அனுமதி வாங்கியபிறகுதான் கை வைக்கணும், ஆர்சியில் இன்ஜின் நம்பரும் எரிபொருளும் மாறணும். அப்பா ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து அதை முடித்தார்.

ஒன்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தவரை சொந்தக்காரன் எவனும் இரவல் கேட்டதில்லை. டீசல் ஆனதும் வீரபாண்டித் திருவிழா, காதுகுத்து, பெண் பார்க்க, எல்லாவற்றுக்கும் "டீசல்தானே மாமா". டேங்கைத் துடைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். வறண்டுபோன டீசல் வண்டி ஏர் பிடித்துக்கொள்ளும், குழாயில் காற்று புகுந்து ஸ்டார்ட் ஆகாது என்பது அவர்களுக்கு என்ன தெரியும்? பொங்கலன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி ஏர் எடுப்பது நான்தான்.