கார்லண்டுக்கு ஒரு நியாயம், பேரட்டுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: தேர்தல் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி இடம் காலியானால் அதை நிரப்பலாமா, கூடாதா என்ற விஷயத்தில் குடியரசுக் கட்சி இரட்டை வேடம் போட்டதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். 2016இல் "உடனே நிரப்பு" என்ற ஜனநாயகக் கட்சி, 2020இல் "தேர்தல் முடியட்டும்" என்றதே? இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே? ஒரு கட்சியை மட்டும் ஏன் சாடுகிறீர்கள்?

பதில்: ஜனநாயகக் கட்சி பேச்சை மாற்றியது உண்மை. (அங்கே நீதிபதியை அதிபர் முன்மொழிவார், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் வாக்கெடுத்து ஏற்க வேண்டும்.) இன்னும் பழைய கணக்கும் உண்டு. 1992 ஜூனில், செனட் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன், ஒருவேளை இடம் காலியானால் தேர்தல் பிரசாரம் முடியும்வரை குடியரசுக் கட்சி அதிபர் புஷ் (சீனியர்) யாரையும் முன்மொழியக் கூடாது என்று அவையில் நீளமாகப் பேசினார். 2006இல் சாமுவேல் அலிட்டோவின் நியமனத்தை வாக்கெடுப்புக்கே வரவிடாமல் தடுக்கும் முயற்சியை ஆதரித்து, அப்போது செனட்டராக இருந்த ஒபாமா வாக்களித்தார். 2016இல் குடியரசுக் கட்சியினர் இவற்றைத் தோண்டி எடுத்துக் காட்டியதில் தவறே இல்லை.

ஆனால் 1992இல் காலியிடம் எதுவும் இல்லை. அலிட்டோ 58-42 என்ற வாக்குக் கணக்கில் நீதிபதியாகிவிட்டார். அதாவது, ஜனநாயகக் கட்சியின் அந்தப் பேச்சுகளால் எந்த நாற்காலியும் கை மாறவில்லை. "ஒரே குட்டை" என்று சொல்லிவிட்டால், யார் கையில் அதிகாரம் இருந்தது, அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கும் வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது. நான் அந்த வேலையைத்தான் செய்யச் சொல்கிறேன்.

நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். அங்கே அது ஆயுள் பதவி. அதனால் ஒரு நீதிபதி இறந்தால் அடுத்த முப்பது ஆண்டுச் சட்டமே மாறிவிடலாம். 2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி அன்டோனின் ஸ்காலியா டெக்சாஸில் இறந்தார். தேர்தலுக்கு இன்னும் 269 நாட்கள் இருந்தன. செய்தி வந்த சில மணி நேரத்திலேயே செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல் அறிக்கை விட்டார்: அடுத்த நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அமெரிக்க மக்களின் குரல் கேட்கப்பட வேண்டும், எனவே புதிய அதிபர் வரும்வரை இந்த இடத்தை நிரப்பக் கூடாது. ஒபாமா யாரை முன்மொழியப் போகிறார் என்பதுகூட அப்போது தெரியாது.

மார்ச் 16 அன்று ஒபாமா முன்மொழிந்தவர் மெரிக் கார்லண்ட், வயது 63. தீவிர இடதுசாரி என்று யாரும் முத்திரை குத்த முடியாத மனிதர். 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவரை 76-23 என்று ஏற்றபோது, ஆதரித்தவர்களில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் நிறையப் பேர். பிடிக்கவில்லை என்றால் 2016இல் அவர்களிடம் 54 வாக்குகள் இருந்தன. குழுவுக்கு அழைத்துக் கேள்வி கேட்டு, அவையில் வாக்கெடுத்து, தோற்கடித்திருக்கலாம். அதற்கு அரசியல் சட்டம் முழு உரிமை தந்திருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். அவர்கள் விசாரணை அமர்வே நடத்தவில்லை. 293 நாட்கள் அந்த முன்மொழிவு தூசி படிந்து கிடந்து, 2017 ஜனவரி 3 அன்று தானாகவே காலாவதி ஆனது. டிரம்ப் பதவிக்கு வந்ததும் நீல் கோர்சச்சை முன்மொழிந்தார். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்குகள் வேண்டும் என்பது அன்றைய விதி. அவருக்கு அது கிடைக்காது என்று தெரிந்ததும், அந்த விதியையே மாற்றி, 54-45 என்று ஏப்ரலில் அவரை உட்கார வைத்தார்கள். (கீழ் நீதிமன்றங்களுக்கு அதே விதியை 2013இல் தளர்த்தியது ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட். அந்தப் பழி அவர்களுடையதுதான்.)

சரி, 2020க்கு வருவோம். செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாட்கள். அன்று இரவே அதே மெக்கானல், டிரம்ப் முன்மொழிபவருக்கு செனட்டில் வாக்கெடுப்பு நடக்கும் என்று அறிவித்தார். ஏமி கோனி பேரட் செப்டம்பர் 26 அன்று முன்மொழியப்பட்டு, அக்டோபர் 26 அன்று 52-48 என்று நீதிபதி ஆனார். அதற்குள் சுமார் 6 கோடி அமெரிக்கர்கள் முன்கூட்டியே வாக்களித்து முடித்திருந்தார்கள். மக்களின் குரலுக்காக 269 நாட்கள் காத்திருக்கச் சொன்னவர்கள், மக்கள் வாக்களித்துக்கொண்டிருக்கும்போதே எட்டு நாள் பொறுக்க மறுத்தார்கள். குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்தவர் சூசன் காலின்ஸ் ஒருவர் மட்டும்.

மெக்கானலுக்கு ஒரு சமாதானம் உண்டு. 2016இல் அதிபர் ஒரு கட்சி, செனட் இன்னொரு கட்சி. 2020இல் இரண்டும் ஒன்று. எனவே இரண்டும் வேறு வேறு என்பார். முதல் நாள் அறிக்கையில் இந்த நிபந்தனை கிடையாது, அப்புறம் சேர்ந்தது. அதையும் விடுங்கள். மக்களின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பது கொள்கை என்றால், அதிபரும் செனட்டும் ஒரே கட்சியாக இருக்கும்போது மட்டும் அந்தக் குரல் எப்படித் தேவையற்றதாகிறது? ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட செனட், குடியரசுக் கட்சி அதிபர் ரீகனின் ஆளான ஆண்டனி கென்னடியை 1988 பிப்ரவரியில், அதாவது தேர்தல் ஆண்டில், 97-0 என்று ஏற்றது. காலியிடம் முந்தைய ஆண்டே வந்துவிட்டது என்பார்கள். வந்தது 1987இல்தான், ஆனால் தேர்தல்வரை இழுத்தடிக்க அந்த செனட்டுக்கும் முடிந்திருக்கும். இழுத்தடிக்கவில்லை.

குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்ஸே கிரஹாமுக்கோ அந்தச் சமாதானம்கூட உதவாது. 2016 மார்ச்சில் நீதித்துறைக் குழுவில் உட்கார்ந்து, குடியரசுக் கட்சி அதிபரின் முதல் பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் இடம் காலியானால் அடுத்த அதிபரே நிரப்பட்டும், என் வார்த்தையை எனக்கு எதிராகவே பயன்படுத்துங்கள் என்று சொன்னவர் அவர். நான்கு ஆண்டில் அச்சு அசலாக அதே சூழ்நிலை வந்தது. பேரட்டுக்கான அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான். அதே கட்சியின் இன்னொரு செனட்டர் டெட் குரூஸ் 2016இல், ஒன்பது பேருக்கும் குறைவான நீதிபதிகளோடு நீதிமன்றம் இயங்கியதற்கு நீண்ட வரலாறு உண்டு என்றார். 2020இல், நான்குக்கு நான்கு என்று பிரிந்த நீதிமன்றத்தால் தேர்தல் வழக்கைத் தீர்க்க முடியாது, நெருக்கடி வரும் என்றார்.

நெருக்கடி 2016இலேயே வந்ததே! ஸ்காலியாவின் இடம் காலியாக இருந்தபோது, அரசு ஊழியர் சங்கச் சந்தா வழக்கு 4-4 என்று முட்டி நின்றது. ஆவணமற்ற குடியேறிகள் லட்சக்கணக்கானோரை நாடு கடத்தலிலிருந்து காக்க ஒபாமா கொண்டுவந்த திட்டமும் அதே 4-4இல்தான் முடங்கியது. சந்தா விவகாரம் 2018இல் வேறொரு வழக்காகத் திரும்பி வந்தபோது, கோர்சச்சின் வாக்கோடு 5-4 என்று சங்கங்கள் தோற்றன. 1977 முதல் நின்ற தீர்ப்பு விழுந்தது.

அதைவிடப் பெரியது 2022 ஜூன் 24. கருக்கலைப்பு உரிமையை 1973இல் தந்த ரோ வழக்குத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கருக்கலைப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், கணக்கை மட்டும் பாருங்கள். அந்தத் தீர்ப்பை முழுவதுமாகத் தூக்கி எறிய வாக்களித்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் கார்லண்டுக்கு மறுக்கப்பட்ட நாற்காலியில் இருக்கிறார், இன்னொருவர் கின்ஸ்பர்க்கின் நாற்காலியில். 2016இன் நியாயத்தை 2020இலும், அல்லது 2020இன் நியாயத்தை 2016இலும் கடைப்பிடித்திருந்தால் அந்த ஐந்து கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். ஜனநாயகக் கட்சியின் பேச்சு மாற்றத்தால் இப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் காட்டுங்கள், அடுத்த இதழிலேயே அவர்களைப் பற்றியும் இதே அளவுக்கு எழுதுகிறேன்.