நீல பம்ப் ஏன் முன்போல் கேட்பதில்லை?

கேள்வி: எனக்கு 41 வயது, உப்புவெளியில் வசிக்கிறேன். சிறுவயது முதல் தொய்வு (ஆஸ்துமா). முன்பு நீல பம்பை இரண்டு முறை இழுத்தால் போதும். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து நாளுக்கு ஏழெட்டு முறை இழுத்தும் முழுச் சுகம் இல்லை. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மண்ணிறப் பம்பை இழுத்தால் ஒன்றும் தெரியாததால் நிறுத்திவிட்டேன். நீல மருந்தின் வீரியம் குறைந்துவிட்டதா?

பதில்: பம்பில் மருந்து தீர்ந்துபோகவில்லை என்றால், வீரியம் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் உங்கள் கலங்கள்தான் மாறியிருக்கின்றன.

நீல பம்பில் உள்ள சல்பியூட்டமோல், தசைக் கலத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைக் கலங்களின் மேற்பரப்பில் ‘பீட்டா 2’ என்ற வாங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கலத்தின் மென்சவ்வை ஏழு தடவை ஊடறுத்துச் செல்லும் ஒரு புரதம். மருந்து வெளிப்புறத்தில் பொருந்தியதும் அதன் உட்புற வடிவம் மாறுகிறது. உள்ளே இருக்கும் ஜி புரதம்தான் ஆளி (சுவிட்ச்). அணைந்திருக்கும்போது அது குவானோசின் இருபொஸ்பேற்று என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும். வடிவம் மாறிய வாங்கி அதை விடவைக்கிறது. அந்த இடத்தில் குவானோசின் முப்பொஸ்பேற்று வந்து அமர்ந்ததும் ஆளி இயங்குகிறது. புரதத்தின் ஒரு பகுதி பிரிந்து சென்று ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி, கலத்துக்குள் செய்தி கடத்தும் சக்கர ஏ.எம்.பீ. மூலக்கூறுகளை ஏராளமாக ஆக்குகிறது. அதனால் தசை தளர்கிறது. ஒரு தடவை இழுப்பதில் வரும் 100 மைக்ரோகிராம் மருந்து ஐந்து நிமிடங்களில் மூச்சைத் திறப்பது இந்தப் பெருக்கத்தால்தான். பின்னர் ஜி புரதம் தான் பிடித்திருக்கும் முப்பொஸ்பேற்றைத் தானே சிதைத்து அணைந்துகொள்கிறது.

அளவுக்கு மேல் தூண்டப்பட்டால் கலம் தன்னைக் காத்துக்கொள்ளும். அரெஸ்டின் என்ற புரதம் வாங்கியின் உட்புறத்தில் ஒட்டி, ஜி புரதத்தை அண்டவிடாமல் செய்கிறது. வாங்கிகள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. 2012இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் நெடுங்காலம் ஆராய்ந்தது இதைத்தான். கை நடுங்குவதற்குக் காரணமும் இதே வாங்கிகள். அவை கைத் தசைகளிலும் இருக்கின்றன.

ஆனாலும் உங்கள் விடயத்தில் இதைவிடப் பெரிய காரணம், குழாயின் உட்சுவர் வீங்கியிருப்பது. நீல பம்ப் அந்த வீக்கத்தைத் தொடுவதே இல்லை. மண்ணிறப் பம்பில் உள்ள ஸ்டீரொயிட் அதைத் தணிக்கிறது. புதிய பீட்டா 2 வாங்கிகளை ஆக்கவும் கலத்தைத் தூண்டுகிறது. இதற்கு நாட்களும் வாரங்களும் பிடிக்கும். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாதது அதனால்தான். அதை நிறுத்தியதுதான் எனக்குப் பெரும் கவலை. இன்றே மீண்டும் தொடங்குங்கள், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளியுங்கள். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், இரண்டு பம்புகளையும் காட்டி, நாளுக்கு எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

புரொபிரனலோல் மாத்திரையோ, கண் அழுத்தத்துக்கான டிமோலோல் துளிகளோ பாவித்தால் அதையும் சொல்லுங்கள். அவை இதே வாங்கியில் அமர்ந்து சல்பியூட்டமோலை மறித்துவிடும்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல பம்பை இழுத்தும் சுகம் வராவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பம்பை இழுத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.